வீட்டில் சாராயம் வடித்தல்: சட்டம் என்ன சொல்கிறது?



விடுதிகளில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் விவாதங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "நான் விற்கப் போவதில்லை, பிறருக்குக் கொடுக்கப் போவதும் இல்லை. என் அறையில், என் காசில், எனக்காக ஒரு புட்டி வடித்துக்கொண்டால் அதில் அரசாங்கத்துக்கு என்ன?" என்பது அந்தக் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் இரசாயனம் அல்லது பொறியியல் படிப்பவராக இருப்பார். காய்ச்சி வடிப்பது அவருக்குச் செய்முறைத் தேர்வில் பழகிய வேலை. அதனால் இது பெரிய காரியமாக அவருக்குத் தோன்றுவதில்லை.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். சால்ட் லேக்கில் வசிக்கும் நாம் வீட்டிலோ விடுதியிலோ லைசென்ஸ் இல்லாமல் சாராயம் வடித்தால் அது குற்றம். அளவு ஒரு புட்டியானாலும் ஒரு பீப்பாயானாலும் குற்றமே. "என் உபயோகத்துக்கு மட்டும்" என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. இது ஏன் இப்படி, இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, யாருக்கு விலக்கு உண்டு, உயிரைக் குடிக்கும் நஞ்சு உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பனவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. புளித்தலும் வடித்தலும்

முதலில் இரண்டு செயல்களைப் பிரித்து அறிதல் வேண்டும். சர்க்கரைச் சத்துள்ள சாற்றையோ மாவுச் சத்துள்ள தானியத்தையோ புளிக்க வைத்தால் கள், அரிசிக் கள், பீர், திராட்சை மது ஆகியன கிடைக்கும். நம் பத்துப்பாட்டில் உள்ள பெரும்பாணாற்றுப்படையில் வரும் 'தோப்பி' என்பது வீட்டில் ஆக்கிய இத்தகைய அரிசிக் கள்ளே. புளித்த பானத்தில் சாராயச் சத்து ஓர் அளவுக்கு மேல் ஏறாது. சாராயம் மிகுந்ததும் அதை உண்டாக்கும் நொதி தானே செயலற்றுப்போவதே காரணம்.

புளித்த ஊறலை வாலையில் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்து திரவமாகப் பிடிப்பது வடித்தல். எத்தில் ஆல்ககால் சுமார் 78 பாகை சென்டிகிரேடில் கொதிக்கும். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். இந்த வேற்றுமையால் ஆவியில் சாராயம் மிகுந்து வரும். வங்காளியில் 'சோலாய்' என்ற சொல்லுக்கு வடித்தல் என்பதே பொருள். இன்று வழக்கில் அது கள்ளச்சாராயத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தமிழிலும் 'காய்ச்சுதல்' என்ற சாதாரணச் சொல் போலீஸ் செய்தியில் வந்தால் வேறு பொருள் கொள்கிறது அல்லவா? அதுபோலத்தான்.

2. வங்காளச் சட்டத்தின் வாசகம்

மேற்கு வங்காளத்தில் இன்றும் நடப்பில் உள்ளது 1909ஆம் ஆண்டின் வங்காளக் கலால் சட்டம். பல திருத்தங்கள் வந்தபோதிலும் அடிப்படை அதுவே. அதன் 13ஆம் பிரிவு நம் கேள்விக்கு நேரான விடை தருகிறது. லைசென்ஸ் இன்றிக் கலால் பொருள் எதையும் தயாரிக்கக் கூடாது என்பது அதன் ஒரு கூறு. தயாரிக்கும் நோக்கத்துடன் மூலப்பொருளையோ, வாலையையோ, பாத்திரத்தையோ, கருவியையோ பயன்படுத்தவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது இன்னொரு கூறு. மீறியவர்க்கு உரிய தண்டனையை 46ஆம் பிரிவு கூறுகிறது. சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, 'விற்பனைக்காகத் தயாரித்தல்' என்று சட்டம் சொல்லவில்லை. 'தயாரித்தல்' என்றே சொல்கிறது. விற்பனை தனிக் குற்றம். ஆகவே விற்கவில்லை என்று நிரூபித்தாலும் தயாரித்த குற்றம் நீங்காது.

இரண்டு, ஒரு சொட்டுச் சாராயம் இறங்குவதற்கு முன்பே குற்றம் நிறைவாகிவிடலாம். ஊறல் பானையும் வாலையும் அந்த நோக்கத்துடன் வைக்கப்பட்டிருந்தாலே போதும். ஆனால் வாலை என்ற கருவி தன்னளவில் குற்றமுடையதன்று. நம் சித்த வைத்தியர்கள் ஓமத் தீநீர் இறக்குவதும் வாலையில்தான். ஆய்வுக்கூடத்தில் வாலைவடிநீர் எடுப்பதும் அவ்வாறே. சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. எனினும், வைத்திருப்பதற்குத் தகுந்த விளக்கம் தர முடியாதவர்மீது குற்ற ஊகம் கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. கண்ணாடிக் குடுவையோடு வெல்லப்பாகு ஊறலும் ஈஸ்ட்டும் அறையில் இருக்குமானால், தீநீர் இறக்கினேன் என்ற பேச்சு எடுபடாது.

மூன்று, மது என்பதற்கு இச்சட்டம் தரும் பொருள் விரிவானது. வடித்த சாராயத்தோடு பீரும் திராட்சை மதுவும் அதில் அடங்கும். "வடிக்கத்தானே கூடாது, புளிக்க வைக்கலாமே?" என்று கேட்பவர் இதை நினைவிற் கொள்வாராக.

சோதனையிடவும் கைது செய்யவும் கலால் அதிகாரிகளுக்கு இச்சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. இன்னுமொன்று: மேற்கு வங்காளத்தில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கக் கூடாது. நம்மில் இளங்கலை படிப்போர் பலர் அந்த வயதை எட்டாதவர்கள்.

3. சட்டம் பிறந்த கதை

இச்சட்டம் உடல் நலத்தைக் காக்கப் பிறந்தது என்று நினைப்பவர் பலர். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. மதுவின்மீது அரசின் கை விழுந்தது முதன்மையாக வருவாய்க்காகவே.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே மதுவுக்கெனத் தனி அதிகாரி உண்டு. ஆனால் அந்நூல் குடும்பத்தார்க்குச் சில சலுகைகளும் தந்தது. விசேட காலங்களில் அவர்கள் ஒருவகை மதுவைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம். மருந்துக்காக அரிட்டம் செய்யலாம். திருவிழாக் காலங்களில் நான்கு நாள்களுக்கு அனுமதி உண்டு. வீட்டுத் தயாரிப்பு அங்கே முழுக்கத் தடுக்கப்படவில்லை. காலமும் காரணமும் பார்த்து அளக்கப்பட்டது.

வங்காளத்தில் சாராய வரியை ஜமீன்தார்கள் வசூலித்துவந்தனர். 1790இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் அந்த வசூலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அதன் பின் இரண்டு முறைகள் மாறி மாறி நடந்தன. ஒன்றில், அரசாங்கத்தின் கண்காணிப்பில் ஒரே இடத்தில் வடித்து, வடித்த அளவுக்கு வரி கட்ட வேண்டும். மற்றொன்றில், ஊர்ப்புறத்தில் வாலை வைத்திருப்பவர் மாதம் இவ்வளவு என்று குத்தகைப் பணம் கட்டிவிட்டு வேண்டிய மட்டும் வடிக்கலாம். இரண்டாவது முறையில், அதிகம் வடித்தவர்க்கு அதிக லாபம். குடி பெருகியது என்ற கூக்குரல் எழவே, 1883-84இல் வங்காள அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்து இதை ஆராய்ந்தது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நீண்ட அனுபவத்தின் பின் வந்தது. ஒவ்வொரு வாலையும் அரசாங்கத்தின் கணக்கில் இருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. கணக்கில் வராத வாலை வீட்டில் இருந்தால் என்ன, காட்டில் இருந்தால் என்ன? சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றே.

4. இது உரிமைப் பிரச்சினை ஆகாதா?

அரசியலமைப்பு கற்ற நண்பர்கள் இங்கே குறுக்கிடலாம். விடுதலை பெற்ற நாட்டில் தனி மனித உரிமை இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 8ஆம் இனம் மதுவின் உற்பத்தி, கைவசம், போக்குவரத்து, வாங்கல், விற்றல் ஆகியவற்றை மாநிலங்களுக்கு விட்டிருக்கிறது. மனிதர் அருந்தும் மதுவின்மீது கலால் வரி விதிக்கும் அதிகாரம் 51ஆம் இனத்தில் உள்ளது. 47ஆம் பிரிவு, மருந்துக்கு அன்றி மது அருந்துதலைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று நெறி காட்டுகிறது. 1954இல் கூவர்ஜி பரூச்சா வழக்கிலும், 1994இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் மது வாணிபம் அடிப்படை உரிமை ஆகாது என்று கூறிற்று. 2024 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், தொழில்துறைச் சாராயத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று தீர்ப்பளித்தது. ஆக, மாநிலத்தின் கை இத்துறையில் ஓங்கியே நிற்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பு வந்தது. அதைத் துணைக்கொண்டு, வீட்டுக்குள் மது அருந்தும் உரிமை கோரி குஜராத்தில் சிலர் மனுச் செய்தனர். அம்மனுக்கள் விசாரணைக்கு ஏற்கத்தக்கவை என்று 2021இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் கூறிற்று. ஆனால் அங்கே எழுந்த கேள்வி அருந்துதலைப் பற்றியது. தயாரித்தலைப் பற்றியது அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

5. விலக்குகள் யாருக்கு?

வீடு என்பதற்காக விலக்கு இல்லை என்றோம். ஆனால் வழக்காறு என்பதற்காக விலக்கு உண்டு.

சந்தால் முதலிய பழங்குடி மக்கள் சோற்றைப் புளிக்க வைத்து ஆக்கும் பானத்தை மக்கள் 'ஹாண்டியா' என்பர். வங்காளச் சட்டம் 'பச்வாய்' என்கிறது. திருமணத்திலும் சாவிலும் திருவிழாவிலும் அது இல்லாமல் சடங்கு நிறைவேறாது. பழங்குடியினர் தம் வீட்டுத் தேவைக்கு அதை ஆக்கிக்கொள்ள ஆங்கிலேயர் காலத்திலேயே தனி ஏற்பாடு செய்யப்பட்டது. இது புளித்த பானம். வடித்தது அன்று என்பதையும் நினைவிற் கொள்க.

மத்தியப் பிரதேசம் ஒரு படி மேலே சென்றது. அங்கே பழங்குடி மக்கள் இலுப்பை இனத்தைச் சேர்ந்த மகுவாப் பூவிலிருந்து தம் வீட்டு உபயோகத்துக்குச் சாராயம் வடித்துக்கொள்ளலாம். அளவுக்கு மட்டும் வரம்பு உண்டு. இந்தியாவில் வீட்டில் வடித்தல் சட்டப்படி நிற்கும் இடத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கோவாவில் முந்திரிப் பழத்திலிருந்து ஃபெனி வடிப்போர் சிறு வாலைகளையே பயன்படுத்துகின்றனர். ஆனால் லைசென்ஸ் பெற்றே வடிக்கின்றனர். 2009இல் ஃபெனிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெளிநாடுகளில் நியூஸிலாந்து 1996இல் சொந்த உபயோகத்துக்கு வடிப்பதை அனுமதித்தது. விற்பதற்கு மட்டும் அங்கே லைசென்ஸ் வேண்டும். நம் அண்டை நாடான இலங்கையிலோ 1912ஆம் ஆண்டின் கலால் கட்டளைச் சட்டத்தின்படி, 'கசிப்பு' எனப்படும் வீட்டுச் சாராயம் குற்றமே.

இவற்றை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். சட்டம் விலக்குத் தரும்போது தனி மனிதனின் விருப்பத்துக்கு அரிதாகவே தருகிறது. ஒரு சமூகத்தின் வழிவழி வந்த வாழ்க்கை முறைக்கே இந்திய நாட்டில் விலக்குக் கிடைத்திருக்கிறது. சால்ட் லேக் அடுக்குமாடியில் பொழுது போக்குக்காக வடிக்கும் மாணவன் அந்த வரிசையில் வரமாட்டான்.

6. நம் தமிழ்நாட்டுக் கணக்கு

விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள், அங்கே நிலைமை வேறு என்று எண்ண வேண்டாம். 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜியின் அமைச்சரவை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் நிறுத்திவைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் வந்து, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன.

விந்தை என்னவெனில், அரசாங்கமே மது விற்கும் மாநிலத்தில் இன்றும் நடப்பில் உள்ள சட்டத்தின் பெயர் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்! அதன் 4ஆம் பிரிவின்படி மது தயாரிப்பது குற்றம். பனையேறிக் கள் இறக்கும் தொழிலாளி குற்றவாளி. கடையில் சீமைச் சரக்கு வாங்குபவர் குற்றவாளி அல்லர். இது நியாயமா என்று கேட்கும் குரல்கள் தமிழ்நாட்டில் ஓயவில்லை. அது நம் சங்கக் கூட்டத்தில் தனியே விவாதிக்கத்தக்க பொருள்.

7. உயிரைக் குடிக்கும் நஞ்சு

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். 2011 டிசம்பரில், இந்நகரத்துக்குத் தெற்கே, தெற்கு 24 பர்கனா ஜில்லாவிலுள்ள சங்கராம்பூர்ப் பகுதியில் கள்ளச்சாராயம் அருந்திய 170க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலியாட்கள். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் முதலிய இடங்களில், 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாத இறுதியிலேயே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனையும் பத்து இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க வகை செய்தது.

இரண்டு இடங்களிலும் கொன்றது மெத்தனால். இது குறித்து ஒரு தவறான கருத்து படித்தவரிடையேயும் உலவுகிறது. "வடிக்கும்போது முறை தவறினால் மெத்தனால் உண்டாகிவிடும்; முறை தெரிந்தவனுக்குப் பயமில்லை" என்பர். உண்மை யாதெனில், சர்க்கரையும் தானியமும் புளிக்கும்போது பிறக்கும் மெத்தனால் மிகச் சொற்பம். பெக்டின் நிறைந்த பழங்களில் சற்றுக் கூடுதல். கூட்டம் கூட்டமாக மக்கள் மடியும் நிகழ்ச்சிகளில் மெத்தனால் தொழிற்சாலைச் சரக்காக வெளியிலிருந்து வந்து கலக்கப்படுகிறது. அது மலிவு, போதை தருவது போலத் தோன்றும், நிறமும் மணமும் காட்டிக்கொடுப்பதில்லை. அதைச் சாராயம் என்று விற்பவன் எதையும் வடிப்பதே இல்லை!

ஈரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் இரத்தத்தைப் புளிக்கச் செய்து, கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழிந்த பின்னரே வயிற்று வலியும் வாந்தியும் பார்வை மங்கலும் தோன்றும். அதற்குள் மருத்துவமனை சென்றால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கும். வழக்கு வருமோ என்று அஞ்சி வீட்டிலேயே கிடப்பது உயிரையே போக்கும். ஒரு நண்பனுக்கு இப்படி நேர்ந்தால், வார்டனுக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்காமல் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என்ன குடித்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். இக்கட்டுரையில் மற்றவை எல்லாம் மறந்தாலும் இது ஒன்று நினைவில் நிற்கட்டும்.

8. முடிவுரை

மேலே கண்டவற்றால் இரண்டு முடிவுகள் பெறப்படும்.

வீட்டு வாலையைத் தடுக்கும் சட்டம் வருவாய்க்காகப் பிறந்தது. பிற்காலத்தில் உடல் நலம் என்ற காரணமும் அதனோடு சேர்ந்தது. வாலையை மட்டும் தேடிப் பிடிப்பதால் சங்கராம்பூரும் கள்ளக்குறிச்சியும் தடுக்கப்படா. தொழிற்சாலை மெத்தனால் கிடங்கிலிருந்து எவர் கைக்குப் போகிறது என்று காவல் காப்பதும், கூலி வேலை முடித்து வருபவன் ஏன் அந்த மலிவுப் பொட்டலத்தை நாடுகிறான் என்று ஆராய்வதும் அதைவிட அவசியம். சட்டத்தைப் பற்றி இப்படி விமர்சிக்க நமக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் விமர்சிக்கும் உரிமை வேறு, மீறும் உரிமை வேறு. கலால் வழக்கு ஒன்று ஒரு மாணவனின் பெயரில் ஏறினால், விடுதியோடும் கல்லூரியோடும் அது நிற்காது. வேலைக்கான விசாரணையிலும் கடவுச்சீட்டு விசாரணையிலும் அது பின்தொடரும். அவனை வங்காளத்துக்கு அனுப்பிவைத்துக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் தாய் தந்தையர்க்கு, "ஒரு புட்டிதானே" என்ற பதில் போதுமா?

வாலையின் தத்துவத்தை ஆய்வுக்கூடத்தில் கற்போம். அதன் சட்டத்தை நூல்நிலையத்தில் கற்போம்.

ஆராய்ந்து விடை காண்க:

(1) தயாரித்தல், கைவசம் வைத்தல், விற்றல் ஆகிய மூன்றும் தனித்தனிக் குற்றங்களாக ஏன் வகுக்கப்பட்டன?

(2) சந்தால் மக்களுக்குத் தரப்படும் விலக்கு சமத்துவத்துக்கு முரணாகுமா? காரணம் காட்டுக.

(3) பனங்கள்ளைத் தடுத்து, புட்டி மதுவை அரசாங்கமே விற்பது 47ஆம் பிரிவின் நோக்கத்துக்குப் பொருந்துமா?

(4) கள்ளச்சாராயச் சாவுகளைத் தடுக்கத் தண்டனையைக் கூட்டுவது போதுமா? வேறு வழிகள் யாவை?